நோட்டுப் புத்தகமும் நோயாளியும்

கள்ளக்குறிச்சியிலிருந்த என் பெரியம்மாவுக்கு 2023-ம் வருஷம் ஆடி மாதத்தில் பாரிசவாயு கண்டது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிற்று. வயது எழுபத்தெட்டு. பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் பெங்களூரில், மற்றவர் சிங்கப்பூரில். தாயாரிடம் அவர்களுக்கு இருந்த பாசத்தில் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பாசம் விமானம் ஏறி வந்து, பத்து நாள் பக்கத்திலிருந்து கண்ணீர் விட்டுவிட்டு, லீவு முடிந்ததும் திரும்பிப் போயிற்று. போவதற்கு முன்னால், வீட்டுக்கே ஆள் அனுப்பி நோயாளிக்குச் சிசுருஷை செய்விக்கும் கம்பெனி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டுப் போயிற்று.

கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஒரு விளம்பரத்தை அவர்கள் கொடுத்திருந்தார்கள். அதிலே ஒரு தாதி ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், கிழவியும் சிரித்துக்கொண்டிருந்தாள். வியாதிக்காரர்கள் இவ்வளவு சந்தோஷமாக இருப்பதை அந்த மாதிரிக் காகிதங்களில்தான் நாம் பார்க்க முடியும்.

இருபத்து நாலு மணி நேரமும் உடனிருப்பதற்கென்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கூடவே தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகமும் வந்தது. தேதி, மணி, இரத்த அழுத்தம், நாடி, ஆகாரம், மருந்து, கையெழுத்து என்று அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. தினந்தோறும் மாலையில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துச் சிங்கப்பூருக்கு அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு.

நான் விழுப்புரத்திலிருந்து மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து வருவது வழக்கம். முதல் மாத முடிவில் போனபோது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. முதல் தேதியன்று இரத்த அழுத்தம் 120/80. இரண்டாந் தேதியும் 120/80. முப்பது நாளும் அப்படியே. பட்டாபிஷேகம் என்றபோதும் வனவாசம் என்றபோதும் முகம் மாறாத ஸ்ரீராமபிரானுக்கு வேண்டுமானால் அவ்வளவு ஸ்திரமான இரத்த அழுத்தம் இருந்திருக்கலாம். என் பெரியம்மாவோ, காப்பி ஐந்து நிமிஷம் தாமதமானால் வீட்டையே இரண்டு படுத்துகிறவர். எனினும் நான் அதைப் பார்த்துத் திருப்திதான் அடைந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல கையெழுத்துக்கு மனிதர்களை மயக்கும் சக்தி உண்டு.

அன்று காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். தோளில் ஒரு பை. சர்க்காரின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்தத் தெருவுக்கு நியமிக்கப்பட்டிருந்த சுகாதாரத் தன்னார்வலர் அவர். எதிர்வீட்டு முதலியாருக்குச் சர்க்கரை வியாதி மாத்திரை கொடுக்க வந்தவர், இங்கே ஒருவர் படுத்த படுக்கையாக இருப்பதாகக் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தார்.

"ஆயா, கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்று சொல்லிப் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். 172/98 என்று காட்டியது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் பார்த்தார். 168/96. எங்கள் வீட்டுக் கருவியைக் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தோம். பொத்தானை அமுக்கினால் உயிர் இல்லை. உள்ளே பாட்டரி பச்சை பூத்துக் கிடந்தது. பத்துப் பதினைந்து நாளாகவே அந்தக் கருவி செத்துக் கிடந்திருக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் மட்டும் ஜீவனோடு இருந்தது.

அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை. சற்று மூக்கைச் சுளித்தாற்போல் இருந்தது. "ஆயாவை ஒரு பக்கமாத் திருப்பலாங்களா?" என்று கேட்டார். திருப்பினோம். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். நடுவில் கறுத்திருந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நான் கோபமாகத்தான் கேட்டேன். அவள் முதலில் பேசவில்லை. பிறகு அழுதுகொண்டே சொன்ன விஷயங்கள் என் கோபத்தைத் திசை திருப்பிவிட்டன. அவளுக்கு வயது இருபத்திரண்டு. தூர ஜில்லாவிலிருந்து வந்தவள். தாதிப் படிப்பு எதுவும் படித்தவளல்ல. கம்பெனியில் நாலு நாள் ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வாங்கும் பணத்தில் ஒரு பங்குதான் அவள் கைக்குப் போகிறது. இரவில் நாலைந்து தடவை பெரியம்மா எழுப்புவார். பகலிலும் தூக்கம் கிடையாது. அவள் படுப்பதற்கு ஒரு பாய் உண்டா, இடம் எங்கே என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. சமையலறைத் தரையில் சேலையை விரித்துப் படுத்திருக்கிறாள். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நோட்டு போட்டோ போயிடணும், இல்லாட்டி சம்பளத்துல பிடிப்பாங்கன்னு சொன்னாங்க. ஆயாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும்னு யாரும் சொல்லலைங்க" என்றாள்.

நோட்டுப் புத்தகம் பெரியம்மாவுக்காக எழுதப்பட்டதல்ல. சிங்கப்பூருக்காக எழுதப்பட்டது.

நிற்க. வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் சேவை நல்லதா, கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆஸ்பத்திரி என்றால் நாலு பேர் கண்ணில் படுகிறது. பெரிய டாக்டர் வருகிறார். பக்கத்துக் கட்டில்காரர் பார்க்கிறார். குறை இருந்தால் கூச்சல் போட ஆள் இருக்கிறது. வீட்டில் நடப்பதோ கதவுக்குப் பின்னால் நடக்கிறது. சாட்சி ஒரே ஒருவர். அவருக்கும் பேச்சுக் குழறுகிறது. நம் நாட்டில் கூட்டுக் குடும்பங்கள் கலைந்து, பிள்ளைகள் கடல் தாண்டிப் போய், பெற்றோர்கள் தனியே தங்கும் இந்தக் காலத்தில் இது ஆயிரக்கணக்கான வீடுகளின் கேள்வியாக இருக்கிறது.

வைத்தியத்தின் தரத்தை எடைபோடுவது பற்றி 1966-ம் வருஷத்தில் அவேடிஸ் டொனபேடியன் என்ற அறிஞர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பேரூட் நகரில் ஆர்மீனியப் பெற்றோர்களுக்குப் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராக இருந்தவர். அவர் சொன்னது மிகவும் எளிய விஷயம். முதலாவது, என்ன வசதி இருக்கிறது என்று பார்: ஆள், படிப்பு, கருவி, மருந்து. இரண்டாவது, என்ன செய்கிறார்கள் என்று பார். மூன்றாவது, நோயாளி என்ன ஆனார் என்று பார். உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளை அளப்பவர்கள் இன்றைக்கும் இந்த மூன்று படிகளைத்தான் கையாளுகிறார்கள். நாம் சாதாரணமாக முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம். விளம்பரக் காகிதம், சட்டை, நோட்டு எல்லாம் முதற்படிதான். என் பெரியம்மாவின் முதுகு மூன்றாவது படி. அதைப் பார்க்க நாங்கள் யாரும் குனியவில்லை.

வீட்டுக்குத் தாதியை அனுப்பும் வழக்கத்துக்கே ஒரு சுவையான சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து வியாபாரி வில்லியம் ராத்போன் என்பவரின் மனைவி 1859-ம் வருஷத்தில் காலமானார். கடைசி நாட்களில் அவளுக்குச் சிசுருஷை செய்த மேரி ராபின்ஸன் என்னும் தாதியைப் பார்த்து ராத்போனுக்கு ஒரு எண்ணம் உண்டாயிற்று: 'பணக்காரனாகிய எனக்கே இவளால் இவ்வளவு ஆறுதல் என்றால், ஏழைகள் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்தால் எப்படியிருக்கும்?' மூன்று மாதச் சம்பளம் தாம் கொடுப்பதாகச் சொல்லி அவளை ஏழைகளின் தெருக்களுக்கு அனுப்பினார். ஒரு மாதத்தில் அவள் கண்ணீருடன் திரும்பி வந்து, அங்குள்ள துயரத்தைச் சகிக்க முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்றாள். ராத்போன் அவளைத் தேற்றித் திருப்பி அனுப்பினார். பிறகு பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாருக்கு எழுதி யோசனை கேட்டு, தாதிகளைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளிக்கூடமே ஏற்படுத்தினார். தெருத் தெருவாகத் தாதிகளை நியமித்தபோது, அவர்கள் வேலையைக் கவனிக்க ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மேற்பார்வைக்காரப் பெண்மணி ஒருவரையும் நியமித்தார்கள். ஆரம்பத்திலேயே அந்தப் புத்தி இருந்தது. சிசுருஷை செய்கிறவளுக்கும் சாய்ந்துகொள்ள ஒரு தோள் வேண்டும் என்பதையும் அந்த மேரி ராபின்ஸனின் கண்ணீரிலிருந்து அவர்கள் கற்றிருக்கலாம்.

பெரியம்மாவின் சம்பவத்துக்குப் பிறகு, விஷயம் தெரிந்த தாதிகளிடமும் டாக்டர்களிடமும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். வீட்டில் படுக்கையாக யாரேனும் இருக்கும் நேயர்களுக்கு உபயோகப்படும்.

நோட்டைப் பார்க்காதீர்கள், குதிகாலைப் பாருங்கள். படுத்த படுக்கையாயிருப்பவரின் உடம்பு குதிகால், இடுப்பின் பின்புறம், தோள்பட்டை ஆகிய இடங்களில்தான் முதலில் தேய்கிறது. சுமார் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் புண் வராது. சிவந்திருக்கும் இடத்தை விரலால் அமுக்கி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் காலம் இருக்கிறது. அமுக்கியும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சாப்பாடு கொடுக்கும்போது அருகில் இருந்து பாருங்கள். பாரிசவாயு கண்டவரைப் படுக்க வைத்தபடியே கஞ்சி புகட்டினால் அது மூச்சுக் குழாயில் இறங்கி நுரையீரலில் ஜுரம் உண்டாக்கும். நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரைமணி நேரம் சாய்க்கக் கூடாது. விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்குகிறார்களா என்று கவனியுங்கள். அப்படித் தூக்கினால் தோள் மூட்டு நழுவிவிடும். சிறுநீர்க் குழாய் வைத்திருந்தால் அந்தப் பை நோயாளியின் இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, மேலே கட்டிலில் கிடக்கிறதா என்று பாருங்கள். மேலே கிடந்தால் அசுத்த நீர் உள்ளே திரும்பும். இவற்றைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். கண் இருந்தால் போதும்.

மாதம் மூன்று ஆள் மாறினால் அந்தச் சேவை எவ்வளவு உயர்ந்ததாயிருந்தாலும் பிரயோஜனமில்லை. நோயாளி எந்தப் பக்கம் படுத்தால் முனகுவார், எதைச் சாப்பிட்டால் புரையேறும் என்பதெல்லாம் ஒரே ஆள் தொடர்ந்து வந்தால்தான் தெரியும். வருகிற பெண்ணுக்குத் தூங்க நேரமும் இடமும் உண்டா என்று கேளுங்கள். கம்பெனியிலிருந்து படித்த தாதி ஒருத்தி, முன்னறிவிப்பில்லாமல், மாதம் ஒரு தடவையாவது வந்து நோயாளியைத் தொட்டுப் பார்க்கிறாளா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலான கம்பெனிக்காரர்கள் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்கள்.

நோயாளியையே கேட்டால் என்ன என்று தோன்றும். கேட்கத்தான் வேண்டும், ஆனால் நம்மவர்களுக்கு ஒரு பெரிய வியாதி உண்டு. அதற்குத் தாட்சண்யம் என்று பெயர். சோற்றில் கல் இருந்தாலும் "சமையல் பிரமாதம்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். "நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டால், பார்த்துக்கொள்ளும் பெண் பக்கத்தில் நிற்கும்போது, "அதற்கென்ன, நன்றாகத்தான்" என்பதைத் தவிர எந்தக் கிழவி வேறு பதில் சொல்வாள்? ஆகையால் தனியாக இருக்கும்போது கேளுங்கள். அபிப்பிராயம் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். 'நேற்று ராத்திரி தாகம் எடுத்தபோது யார் தண்ணீர் கொடுத்தார்கள்? கூப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்? கடைசியாகத் தலைக்குக் குளித்தது எந்தக் கிழமை?' இதற்குப் பதில் சொல்லும்போது தாட்சண்யத்துக்கு இடமில்லை.

இனி, வாசலில் வந்து நின்ற அந்தத் தன்னார்வலரின் சேவையை எடைபோட்டுப் பார்ப்போம். தனியார் கம்பெனியைக் குறை சொல்லிவிட்டுச் சர்க்கார் திட்டத்துக்கு மட்டும் மாலை போட்டுவிட்டுப் போனால் அது நியாயமாகாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளி கிராமத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் ஆரம்பித்து வைக்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு இவ்விரண்டுக்கும் மாத்திரைகள் வீடு தேடிப் போயின. படுக்கையாயிருப்பவர்களுக்கு வேதனை தணிக்கும் சிகிச்சை செய்யும் தாதியும், கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை வைத்தியரும் வட்டாரந்தோறும் வண்டியில் புறப்பட்டார்கள். 2022-ம் வருஷக் கடைசியில் திருச்சி ஜில்லா சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுக்கப்பட்டது. 2024-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் விருதும் கிடைத்தது.

ஒரு கோடி என்பது பெரிய எண்தான். ஆனால் அதுவும் ஒரு வகையில் நோட்டுப் புத்தகமே. எத்தனை வாசல் ஏறினார்கள் என்பதை அது சொல்கிறது. வாசலுக்கு உள்ளே இருப்பவர் என்ன ஆனார் என்பதைச் சொல்லவில்லை. சந்தோஷகரமாக, அதைச் சொல்லும் வேறு கணக்கு ஒன்று இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த முறைப்படி, தமிழ்நாட்டில் வீடுகளைப் பொறுக்கி எடுத்து, ஜனங்களின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் நேரில் அளந்து பார்த்தார்கள். திட்டம் வருவதற்கு முன், 2020-ல் அளந்தபோது, இரத்த அழுத்த வியாதியுள்ள நூறு பேரில் சுமார் 7 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2023-24-ல் மறுபடி அளந்தபோது சுமார் 17 பேர். நீரிழிவிலும் அப்படியே: சுமார் 11 பேர் என்றிருந்தது 17-ஐ நெருங்கியிருந்தது.

இந்த எண்களைக் கொண்டு இரண்டு கட்சிக்காரர்களும் மேடை ஏறலாம். மூன்றே வருஷத்தில் இரு மடங்குக்கு மேல் என்று ஒருவர் முழங்கலாம். நூற்றுக்கு எண்பத்து மூன்று பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லையே என்று மற்றவர் முழங்கலாம். இரண்டு பேர் சொல்வதும் மெய். ஏற்பட்ட அபிவிருத்தி முழுவதையும் ஒரே திட்டத்தின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. ஆனால் என்னைக் கேட்டால், ஒரு சர்க்கார் தன்னுடைய வேலையின் பலனைத் தேகத்தில் அளந்து பார்த்ததே விசேஷம் என்பேன். மாத்திரையைக் கொடுத்தோம் என்பதோடு நில்லாமல், அது விழுங்கப்பட்டதா, விழுங்கியும் அழுத்தம் குறைந்ததா, குறையாவிட்டால் மருந்தை மாற்ற டாக்டரிடம் அனுப்பினோமா என்று கேட்பதே சிசுருஷையின் அளவுகோல்.

இப்போது கருணாபுரத்துக்கு வருவோம்.

பெரியம்மாவின் வீட்டிலிருந்து கருணாபுரம் அதிக தூரமில்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் குடியிருப்பு அது. கூலி வேலை செய்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், வர்ணம் அடிக்கிறவர்கள் வசிக்கும் சிறிய வீடுகள். 2024-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி அங்கே விற்ற கள்ளச் சாராயத்தில் மெத்தனால் என்னும் விஷச் சரக்கு கலந்திருந்தது. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாண்டவர்களில் ஸ்திரீகளும் இருந்தார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டிய காட்சியைத் தேசம் முழுவதும் பத்திரிகைகளில் பார்த்தது. 1937-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதியன்று ராஜாஜி மதுவிலக்கைப் பரீட்சை பார்க்கத் தேர்ந்தெடுத்த சேலம் ஜில்லா, கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏறக்குறைய எண்பத்தேழு வருஷத்துக்குப் பின் மலைக்கு இந்தப் பக்கத்தில் இப்படி நடந்தது.

இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாயும், சிகிச்சை பெற்றவர்களுக்கு ஐம்பதினாயிரம் ரூபாயும் சர்க்கார் அறிவித்தது. தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரையில் மாதம் ஐயாயிரம் ரூபாயும் அறிவித்தார்கள். நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு வழக்கை மத்தியக் குற்றப் புலனாய்வுக்கு மாற்றியது. இவையெல்லாம் பத்திரிகைகளில் வந்த விஷயங்கள். பத்திரிகைகளில் அதிகமாக வராத விஷயம், பிழைத்து வீடு திரும்பியவர்களைப் பற்றியது.

மெத்தனால் வயிற்றில் போனதும் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை மெள்ள மெள்ள வேறு அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலந்தான் கண்ணின் நரம்பைத் தாக்குகிறது. இரண்டு தேக்கரண்டி அளவே பார்வையைக் கெடுக்கப் போதுமானது. பன்னிரண்டு மணி, இருபத்து நாலு மணி நேரம் கழித்து, எதிரே பனி பெய்கிறாற்போல் தோன்றும். பிறகு இருட்டு. மூளையிலும் சில இடங்களைத் தாக்குவதால் பின்னால் கை நடுக்கமும் நடை தள்ளாட்டமும் வரலாம். இன்னும் ஒன்று: சிலருக்கு முதல் சில வாரங்களில் பார்வை கொஞ்சம் திரும்பும், 'தெய்வம் கண் திறந்தது' என்று நினைத்திருக்கும்போது, மாதங்கள் கழித்து மறுபடி மங்கும். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்த சீட்டு, வைத்தியம் முடிந்ததற்கு அடையாளம் ஆகாது. முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று யாரோ ஒருவர் வீட்டுப் படி ஏறி, கண்ணெதிரே விரலைக் காட்டி, "எத்தனை தெரிகிறது?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு வரும் சேவையை 120/80 என்று எழுதி எடைபோட முடியுமா? பார்வை போன ஒரு வர்ணம் அடிக்கிற தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மாத்திரை ஒரு பங்கு; கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று பங்கு. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரையில் பிடித்துக்கொண்டு போகக் கயிறு கட்டியிருக்கிறார்களா? வெள்ளைக் கோலை எப்படி வீசி நடப்பது என்று யாரேனும் கூட நடந்து காட்டினார்களா? காலை மாத்திரைச் சீசாவில் ஒரு ரப்பர் வளையம், இரவு மாத்திரைச் சீசாவில் இரண்டு வளையம் என்று மாட்டிக் கொடுத்தால் அவர் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரு காசு செலவில்லாத அந்த உபகாரத்தை யாராவது செய்தார்களா? ஊனச் சான்றிதழுக்கும் மாத உதவித் தொகைக்கும் மனு எழுதிக் கொடுத்தார்களா? மறுபடி குடிக்கத் தோன்றும்போது போய்ச் சொல்ல ஒரு மனிதர் உண்டா? மூன்று மாதம் கழித்து அவர் தாமாகவே தெருக்கோடி டீக்கடை வரையில் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறாரா? அப்படி வந்தாரானால் அந்தச் சேவை நல்ல சேவை. வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றால், எத்தனை முறை வந்தோம் என்று எத்தனை கட்டம் நிரப்பியிருந்தாலும் அந்த நோட்டை அடுப்பில் போட வேண்டியதுதான்.

அவர் மனைவியையும் கேட்க வேண்டும். கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள் கணவனுக்குக் காவலாக வீட்டில் உட்கார்ந்துவிட்டால், ஒரு வியாதியில் இரண்டு சம்பாத்தியம் போகிறது. அவள் மறுபடி வேலைக்குப் போனாளா என்பதும் அந்தச் சேவையின் மதிப்பெண்ணில் சேரவேண்டிய விஷயம்.

இந்த மாதிரிச் சேவையைப் பக்கத்து ராஜ்யத்தார் நமக்கு முன்னால் செய்து பார்த்திருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-ம் வருஷம் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியை ஒட்டி, தீராத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் அவர்கள் கண்ட உண்மை: நோயாளி டாக்டரிடம் வருவது வாரத்தில் ஒரு மணி நேரம்; மீதி நேரமெல்லாம் வீட்டில். ஆகவே மலப்புரம் ஜில்லாவில் கடைக்காரர், உபாத்தியாயர், மாணவர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று அக்கம்பக்கத்தாருக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 2008-ல் கேரள சர்க்கார் அதை ராஜ்யத்தின் கொள்கையாகவே ஏற்றது. அங்கே எனக்குப் பிடித்த அம்சம், பார்க்க வருகிறவர் அதே தெருக்காரர் என்பது. அவர் பொய்க் கணக்கு எழுதினால் மறுநாள் சந்தையில் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும். அதைவிடப் பெரிய கண்காணிப்பு இலாகா எது?

கல்வராயன் மலை ஏறினால் இந்தக் கஷ்டம் இன்னும் பெருகுகிறது. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி இருக்கின்றன. 2024-ல் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே முன்வந்து இம்மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி வழக்கு எடுத்து விசாரித்தது. சமவெளியில் ஒரு காலையில் இருபது வீடு ஏறுகிற தன்னார்வலர், மலையில் நாலு வீடு ஏறினாலே பொழுது சாய்ந்துவிடும். வீடுகளை எண்ணிச் சேவையை அளப்போமானால் மலைக்காரி சோம்பேறி என்று முடிவு கட்டுவோம். நடந்த தூரத்தையும் கணக்கில் எழுதத் தெரிந்தவரே அளக்கத் தகுதியுள்ளவர்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோரையும் முதியோரையும் பராமரிப்பது பற்றி 2007-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைகள் சோறு போடாவிட்டால் என்ன செய்வது என்பதே அதன் கவலை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிலையங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்னும் கருத்து 2019-ல் பார்லிமெண்டில் கொண்டுவந்த திருத்த மசோதாவில் இருந்தது. அது சட்டமாகவில்லை. 2024-ல் அந்த லோக்சபையின் ஆயுளோடு அதன் ஆயுளும் முடிந்தது. முடி வெட்டும் கடைக்கு லைசென்ஸ் கேட்கும் நாட்டில், பேச முடியாத கிழவியின் அறைக்குள் இரவு பகலாக ஆளை அனுப்பும் தொழிலுக்குத் தனிச் சட்டம் ஒன்றைச் செய்து முடிக்க நமக்கு நேரம் போதவில்லை.

பெரியம்மாவின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். கறுத்த புண்ணை ஆஸ்பத்திரியில் அறுத்துச் சுத்தம் செய்தார்கள். ஆறுவதற்கு நாலு மாதம் பிடித்தது. கம்பெனியின் ஏற்பாட்டை நிறுத்திவிட்டோம். ஆனால் அந்தப் பெண்ணை நிறுத்தவில்லை. சம்பளத்தை நேராக அவள் கையிலேயே கொடுக்க ஏற்பாடாயிற்று. கூடத்தில் ஒரு கட்டில் போட்டோம். இரவுக்கு அதே தெருவிலிருந்து இன்னொரு அம்மாளை ஏற்பாடு செய்தோம். வட்டாரத் தாதி வந்தபோது, நோயாளியை எப்படித் திருப்புவது, எப்படி உட்கார வைப்பது, பட்டையை எப்படிச் சுற்றுவது என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவை கற்றுக்கொண்டதும் அந்தப் பெண் எங்களைவிடக் கெட்டிக்காரியாகிவிட்டாள்.

சிங்கப்பூர்ப் பிள்ளை ஒரு நாள் கவலையுடன் எனக்குப் போன் செய்தான். "நோட்டைப் பார்த்தீர்களா? முன்னே 120/80 என்று ஒழுங்காக இருந்தது. இப்போது ஒரு நாள் 150, ஒரு நாள் 138, மறுநாள் 144 என்று வருகிறது. கையெழுத்தும் கோணல் மாணலாக இருக்கிறது. நடுவில் ஒரு நாள் எழுதவே இல்லை. என்ன ஆயிற்று?" என்றான்.

"ஒன்றும் இல்லையப்பா, இப்போதுதான் அளக்கிறார்கள்" என்று சொன்னேன்.